‘வெல்ல முடியாத அணி’: யாரை யார் வெல்ல முடியாது?

அச்சுக்கோர்வை (இழை தொடங்கியவர்)

மூன்று இடங்களுக்குச் சொல் வேண்டும். மூன்றுக்கும் ஆங்கில மூலத்தில் ஒரே சொல்தான்: இன்வின்சிபிள். தமிழில் ஒரே சொல்லைப் போட்டால் ஒன்றில்கூடச் சரியாக உட்காரவில்லை.

அ) 1948-இல் இங்கிலாந்துக்குப் போன பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி பற்றிய கட்டுரைத் தலைப்பு. அந்த அணிக்குப் பட்டப்பெயரே ‘இன்வின்சிபிள்ஸ்’.
ஆ) செஞ்சிக் கோட்டை பற்றி ஒரு பள்ளிக் கண்காட்சிக்கான பலகை.
இ) கைப்பேசி விளையாட்டு ஒன்றில் கேடயத்தை எடுத்ததும் 10 நொடி தோன்றும் சொல். இடம் 12 குறியெண் (எழுத்தைக் கணினி எண்ணும் அலகு) மட்டுமே.

முதல் வரைவில் மூன்றுக்கும் ‘வெல்ல முடியாத’ என்று போட்டிருந்தது. தலைப்பைப் படித்த ஒருவர், “ஏன், அந்த அணி ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லையா?” என்று கேட்டுவிட்டார். சொல்லில் கோளாறா, கேட்டவரிடமா?

---

ஒற்றெழுத்து

கேட்டவர் மேல் குற்றமில்லை. ‘வெல்ல முடியாத அணி’ என்றால் தமிழில் இரண்டும்தான்: யாராலும் வெல்ல முடியாத அணி, யாரையும் வெல்ல முடியாத அணி.

காரணம் பெயரெச்சத்தின் இயல்பு. பெயரெச்சத்துக்குப் பின்னால் வரும் பெயர் அந்த வினைக்கு என்ன உறவு என்பதைத் தமிழ் உருபு போட்டுக் காட்டுவதில்லை. ஆறு வகைப் பெயர் அங்கே வந்து நிற்கலாம் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். ‘வெல்ல முடியாத’ என்பதை வைத்தே ஆறையும் ஓட்டிப் பாருங்கள்.

வெல்ல முடியாத அணி (அணியால் வெல்ல முடியாது: செய்பவன்)
வெல்ல முடியாத உத்தி (அதைக் கொண்டு வெல்ல முடியாது: கருவி)
வெல்ல முடியாத மைதானம் (அங்கே வெல்ல முடியாது: நிலம்)
வெல்ல முடியாத ஆட்டம் (செயல்)
வெல்ல முடியாத ஆண்டு (காலம்)
வெல்ல முடியாத எதிரி (எதிரியை வெல்ல முடியாது: செய்பொருள்)

கடைசியில் ‘எதிரி’ என்ற சொல்லின் பொருளே நம்மைச் சரியான பக்கம் தள்ளிவிடுகிறது. ‘அணி’ அப்படித் தள்ளாது, ஏனென்றால் அணி வெல்லவும் செய்யும், வெல்லப்படவும் செய்யும். குழப்பம் முழுக்க இந்த மாதிரிப் பெயர்களோடுதான்: அணி, வீரர், வேட்பாளர், கட்சி, படை.

---

இருபத்திரண்டு கஜம்

கிரிக்கெட் பக்கத்தில் இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ‘வீழ்த்த முடியாத பேட்ஸ்மேன்’ என்றால் அவரை அவுட்டாக்க முடியவில்லை. ‘வீழ்த்த முடியாத பந்துவீச்சாளர்’ என்றால் பாவம், அவருக்கு விக்கெட்டே விழவில்லை. அதே இரண்டு சொல், பின்னால் வரும் ஆளை மாற்றியதும் புகழ்ச்சி வசவாகிவிட்டது. ‘வீழ்த்த முடியாத ஆல்ரவுண்டர்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

---

அச்சுக்கோர்வை

அப்படியானால் ‘தோற்கடிக்க முடியாத அணி’ என்று போட்டுவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இதே அச்சில்தானே இருக்கிறது? ஆனால் காதுக்கு அந்தக் குழப்பம் வரவில்லை.

---

ஒற்றெழுத்து

அச்சு ஒன்றுதான், வினை வேறு. ‘வெல்’ செயப்படுபொருள் இல்லாமலும் நிற்கும்: “அவன் வென்றான்” முழு வாக்கியம். ‘தோற்கடி’ அப்படி நிற்காது. “அவன் தோற்கடித்தான்” என்றால் உடனே “யாரை?” என்று கேட்போம். அதனால் ‘தோற்கடிக்க முடியாத அணி’ என்று வந்ததும் காலியாகக் கிடக்கும் ‘யாரை’ என்ற இடத்தில் மனம் அணியைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ‘வெல்ல முடியாத’ என்பதில் நிரப்பச்சொல்லி அவசரப்படுத்தும் இடம் எதுவும் இல்லை, ஆகவே அணி செய்பவனாகவே நின்றுவிடுகிறது.

ஆனால் முன்னால் ஒரு ‘ஐ’ வந்தால் இதுவும் புரளும். “இந்தியாவைத் தோற்கடிக்க முடியாத அணி” என்றால் பொருள் தலைகீழ். எனவே தலைப்பில் தனியாக நிற்கும்வரை பாதுகாப்பு. நீண்ட வாக்கியத்துக்குள் கொண்டுபோனால் மறுபடி சோதிக்க வேண்டும்.

சோதனை எளிது. சொல்லுக்கு முன்னால் ‘யாராலும்’ சேர்த்துப் படியுங்கள், பிறகு ‘யாரையும்’ சேர்த்துப் படியுங்கள். இரண்டும் இடறாமல் ஓடினால் அந்தச் சொல் அந்த இடத்துக்கு ஆகாது.

---

பொத்தான்

எழுத்தெண்ணிக்கையையும் பார்க்க வேண்டும், தலைப்புக்காரர்களுக்கு அதுதான் உயிர். உயிர்மெய்யை ஒன்றாகவும் ஒற்றைத் தனியாகவும் எண்ணினால்:

யாராலும் வெல்ல முடியாத – 11
தோற்கடிக்க முடியாத – 10
வெல்லப்பட முடியாத – 10
அசைக்க முடியாத – 8
வெல்லற்கரிய – 7
தோல்வி காணாத – 6

‘வெல்லப்பட முடியாத’ இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் ஒரு வினையின் முதுகில் இன்னொன்று, அதன் முதுகில் மூன்றாவது என்று ஏறி நிற்கிறது. கட்டாயம் இருந்தாலொழிய தொடமாட்டேன்.

இன்னொன்று: இரண்டு வரித் தலைப்பில் ‘வெல்ல’ முதல் வரியிலும் ‘முடியாத’ அடுத்த வரியிலும் ஒடிந்தால், முதல் வரி வெல்ல மண்டி விளம்பரம் மாதிரி நிற்கும், அடுத்த வரி ‘முடியாத அணி’, அதாவது எதற்குமே முடியாத அணி.

---

நல்லூர்வாசி

எங்கட பக்கத்திலயும் இதே சிக்கல்தான். ‘முடியாத’ என்ற இடத்தில நாங்கள் ‘ஏலாத’ என்று சொல்லுவம். “வெல்லேலாத ரீம்” எண்டால் ரெண்டு பக்கமும் பொருள் போகும். அதனால பேச்சில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. “அவையளை ஒருத்தராலையும் அடிக்கேலாது” என்று வாக்கியமாகவே சொல்லிப்போடுவினம். பெயரெச்சத்தை விட்டுட்டு முற்றுவினைக்குப் போனால் ‘ஐ’யும் ‘ஆல்’உம் வெளியில வந்திடும், பிறகெங்க குழப்பம்?

---

பண்டிதர் வேண்டாம்

நல்லூர்வாசி சொன்னதுதான் சரி. சென்னைத் தெருவிலும் ‘வெல்ல முடியாத’ என்று யார் பேசுகிறார்கள்? “அவன அடிச்சுக்க ஆளே இல்ல.” “அவன்கிட்ட நம்ம பருப்பு வேகாது.” “அவன் முன்னாடி எவனும் நிக்க முடியாது.” மூன்றிலும் யார் மேலே, யார் கீழே என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது.

இவற்றிலும் தரம் பிரிக்க வேண்டும். ‘அடிச்சுக்க ஆளில்ல’ திறமைக்கு: சமையலுக்கும் சொல்லலாம், கேரத்துக்கும் சொல்லலாம். ‘பருப்பு வேகாது’ தந்திரம் பலிக்காத இடத்துக்கு. அது எதிராளியின் வலிமையைச் சொல்வதில்லை, நம் வித்தை செல்லாது என்பதை மட்டும் சொல்கிறது. மல்யுத்த வீரரைப் பற்றிப் ‘பருப்பு வேகாது’ என்று எழுதினால் அவர் ஏமாறாதவர் என்றுதான் அர்த்தமாகும்.

---

ஒற்றெழுத்து

இப்போது வேருக்கு வருகிறேன். ஏன் ‘வெல்’ மட்டும் இவ்வளவு தொல்லை தருகிறது?

தமிழில் இந்த வகை வினைகள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும், தன்வினை ஒன்று, பிறவினை ஒன்று. அடங்கு – அடக்கு. வீழ் – வீழ்த்து. பிடிபடு – பிடி. அசை – அசை (ஒன்று அசைந்தது, மற்றது அசைத்தது). உடை – உடை (உடைந்தது, உடைத்தது). எதிர்க்க முடியாத ஒன்றைச் சொல்லத் தன்வினையை எடுத்து எதிர்மறையாக்கினால் போதும்: அடங்காத காளை, பிடிபடாத காளை, வீழாத கோட்டை, அசையாத உறுதி. யார் யாரை என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் தன்வினைக்கு ஓர் ஆள்தான்.

‘வெல்’லுக்கு அதே வேரிலிருந்து தன்வினை இணை இல்லை. அதன் இணை வேறு வேரில் உட்கார்ந்திருக்கிறது: ‘தோல்’. தோற்றான், தோற்பான் என்று வருகிறதே, அந்தத் தோல். ஆகவே ‘வெல்’லை எதிர்மறையாக்கிக்கொண்டு மல்லுக்கட்டாமல் ‘தோல்’ என்பதை எதிர்மறையாக்குங்கள். பழைய வடிவம் தோலாத, சுருக்கமாகத் தோலா. இன்றைய வடிவம் தோற்காத. கல்லாத – கற்காத, நில்லாத – நிற்காத, கேளாத – கேட்காத, இதே வரிசைதான்.

சூளாமணி இயற்றியவர் பெயர் தோலாமொழித்தேவர். தோலாத மொழி, அதாவது தோல்வி காணாத சொல். இரண்டே எழுத்தில் வேலை முடிந்தது.

---

பொத்தான்

அழகான சொல். ஆனால் இன்று ‘தோலாப் படை’ என்று விளையாட்டுப் பக்கத்தில் போட்டால் வாசகர் தோல் பதனிடும் தொழிலுக்குப் போய்விடுவார். ஆட்பெயருக்கும் நூற்பெயருக்கும் வைத்துக்கொள்ளலாம், தலைப்புக்கு வேண்டாம்.

இன்னொரு கேள்வி. ‘தோற்காத’ என்றால் ‘இதுவரை தோற்கவில்லை’ என்றுதானே ஆகிறது? ‘முடியாத’ என்ற பொருள் எங்கே போனது?

---

ஒற்றெழுத்து

எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. அதனாலேயே அது ‘முடியாத’ என்பதையும் உள்ளடக்கிக்கொள்கிறது. தீராத நோய், ஆறாத புண், வற்றாத ஆறு, அழியாத புகழ். இவற்றில் ஒன்றிலும் ‘முடியாத’ இல்லை, ஆனால் அத்தனையிலும் அந்தப் பொருள் இருக்கிறது. ‘வற்ற முடியாத ஆறு’ என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதும்போதுதான் ஒவ்வொரு இடத்திலும் ‘முடியாத’ நுழைகிறது.

காலத்தை வரையறுக்க வேண்டுமானால் வெளியிலிருந்து சேருங்கள்: “இதுவரை தோற்காத”, “அந்தச் சுற்றுப்பயணத்தில் தோற்காத”.

---

இருபத்திரண்டு கஜம்

அந்த எல்லை விஷயத்தில் கணக்கு வைத்தே பேசலாம்.

1948 ஆஸ்திரேலிய அணி அந்தச் சுற்றுப்பயணத்தில் 34 ஆட்டம் ஆடியது. 25 வெற்றி, 9 டிரா, தோல்வி இல்லை. அவற்றில் முதல்தர ஆட்டங்கள் மட்டும் 31: 23 வெற்றி, 8 டிரா. டெஸ்ட் தொடர் 4–0, ஓல்ட் டிராஃபோர்டு டெஸ்ட் டிரா. ஆக இது ‘தோல்வி காணாத’ அணி. ‘எல்லா ஆட்டத்தையும் வென்ற’ என்று எழுதினால் தப்பு. ‘வெல்ல முடியாத’ என்று எழுதினால் அது கருத்து, தகவல் இல்லை.

கால்பந்தில் ஆர்சனல், 2003–04. அவர்களுக்கும் இதே பட்டப்பெயர். லீக்கில் 38 ஆட்டம்: 26 வெற்றி, 12 சமன், தோல்வி 0. ஆனால் அதே பருவத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியிலும் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியிலும் தோற்றார்கள். ஆகவே ‘2003–04இல் தோல்வி காணாத ஆர்சனல்’ என்பது பிழை, ‘லீக்கில் தோல்வி காணாத’ என்பதே சரி. தலைப்பில் இடமில்லை என்று ‘லீக்கில்’ என்பதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டக்கூடாத ஒரே சொல் அதுதான்.

குத்துச்சண்டையில் ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி, 1956-இல் ஓய்வு. இங்கே சமனும் இல்லை என்பதால் ‘தோல்வியே அறியாத’ என்று அந்த ஏகாரத்தைத் தாராளமாகப் போடலாம். ஆர்சனலுக்கும் போடலாம்தான், ஆனால் 12 சமனை வைத்துக்கொண்டு ஏகாரம் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

---

பொத்தான்

தோற்காதது வேறு, வெல்வது வேறு என்பதற்குக் கணினியில் சுத்தமான உதாரணம் இருக்கிறது. செக்கர்ஸ் ஆட்டம் 2007-இல் முழுமையாகத் தீர்க்கப்பட்டது. ஜொனாதன் ஷேஃபர் குழுவின் ‘சினூக்’ நிரல். சுமார் 5-க்குப் பின் 20 பூச்சியம் அளவு நிலைகள் கொண்ட ஆட்டம் அது. முடிவு: இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் சமன். ஆக சினூக்கை யாராலும் தோற்கடிக்க முடியாது. ஆனால் பிழையே செய்யாத எதிராளியைச் சினூக்காலும் வெல்ல முடியாது. ‘வெல்ல முடியாத நிரல்’ என்று எழுதினால் இரண்டு பொருளுமே உண்மையாகிவிடும் விசித்திரமான இடம் இது. இங்கே எழுத வேண்டியது ‘தோற்கவே தோற்காத நிரல்’.

---

மதில்மேல் பூனை

செஞ்சிக்கு வருகிறேன். பலகையில் ‘வெல்ல முடியாத கோட்டை’ என்று எழுதிவிட்டு அதன் கீழே வரலாற்றைப் போட்டால் குழந்தைகளே சிரிக்கும். 1677-இல் பீஜப்பூரிடமிருந்து சிவாஜி பிடித்தார். 1690-இல் முகலாயப் படை முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761-இல் ஆங்கிலேயர். நான்கு முறை கைமாறிய கோட்டையை எப்படி ‘வெல்ல முடியாத’ என்பது?

ஆனால் முகலாயர் முற்றுகை எட்டு ஆண்டு இழுத்தது என்பதும் உண்மை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்று, மூன்றையும் இணைத்து மதில், ராஜகிரி உச்சியில் தனிக் கோட்டை. கீழ்க்கோட்டை விழுந்தாலும் மேலே நின்று சண்டை போடலாம். இந்த மாதிரி இடத்துக்குத் தமிழில் பழகித் தேய்ந்த சொல் இருக்கிறது: ‘அரிய’.

அரண் அதிகாரத்தில் வள்ளுவர் கோட்டைக்கு நான்கு இலக்கணம் சொல்கிறார்: உயர்வு, அகலம், திண்மை, அருமை. அருமை என்பது இங்கே ‘அருமையான’ இல்லை. எதிரி கிட்ட வரமுடியாத கடினம். அதே அதிகாரத்தில் ‘கொளற்கரிதாய்’, ‘பற்றற்கரியது’ என்று இரண்டு இடம். புறநானூறு 110-இல் மூவேந்தரும் சேர்ந்து வந்தாலும் ‘பறம்பு கொளற்கு அரிதே’ என்கிறார் கபிலர். கோட்டையை ‘வெல்லுதல்’ என்பதைவிடக் ‘கொள்ளுதல்’தான் பழைய வழக்கு, தொல்காப்பியத்தின் உழிஞைத் திணையும் அரணை ‘முற்றலும் கோடலும்’ என்றுதான் பேசுகிறது. முற்றல் முற்றுகை, கோடல் கைப்பற்றல்.

எனவே கோட்டைக்கு ‘கொளற்கரிய’. எளிமையாக வேண்டுமானால் ‘எளிதில் பிடிபடாத’. இரண்டும் உண்மையை மீறவில்லை. பிடிக்க முடியாது என்று சொல்லவில்லை, பிடிப்பது பெரும்பாடு என்று சொல்கிறது.

---

பண்டிதர் வேண்டாம்

அரசியல் பக்கத்தில் கோட்டை படும் பாட்டை விட்டுவிட்டீர்கள். தேர்தலுக்கு முன்னால் ‘அசைக்க முடியாத எஃகுக் கோட்டை’, முடிவு வந்த மறுநாள் ‘கோட்டையில் ஓட்டை’. எதுகை இருக்கும்வரை இந்தத் தலைப்பு சாகாது. இதைத்தான் உண்மையிலேயே தோற்கடிக்க முடியாது.

---

ஒற்றெழுத்து

‘அரிய’ பற்றி ஒரு திருத்தம். ‘வெல்லற்கரிய’ என்றால் வெல்லக் கடினமானது மட்டும்தானா, வெல்லவே முடியாததா? சொல்லளவில் கடினம். வழக்கில் பல இடத்தில் இயலாமையே. ‘பிறவாழி நீந்தல் அரிது’ என்ற குறளில் ‘கஷ்டம், ஆனால் முயன்றால் முடியும்’ என்று யாரும் பொருள் சொல்வதில்லை. ஆகவே செஞ்சிக்கும் பொருந்தும், ஊழுக்கும் பொருந்தும். சூழல்தான் அளவைச் சொல்லும். பலகையில் கீழே ‘1698-இல் வீழ்ந்தது’ என்று வரும்போது வாசகர் தானாகவே ‘கடினம்’ என்று எடுத்துக்கொள்வார்.

எழுத்துப்பிழை அதிகம் நேரும் சொல் இது. வெல்லல் + கு = வெல்லற்கு. வெல்லற்கு + அரிய = வெல்லற்கரிய. ‘வெல்லர்க்கரிய’ தவறு, ‘வெல்லற்க்கரிய’ தவறு (ற் வந்த பிறகு இன்னொரு ஒற்று நிற்காது), ‘வெல்லற்கறிய’ என்றால் ‘அறிய’ ஆகிவிடும். நாக்குப் புரளவில்லை என்றால் ‘வெல்வதற்கரிய’ என்று எழுதுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

---

நல்லூர்வாசி

வடசொல் பக்கம் ஒருத்தரும் போகேல்லை. அஜித, அஜேய, துர்ஜய, அபராஜித என்று நாலு இருக்கே. மூன்று தரத்தையும் அங்க ஒட்டிலேயே பிரிச்சு வைச்சிருக்கினம்.

அஜித, அபராஜித: வெல்லப்படாத, தோற்கடிக்கப்படாத. நடந்ததைச் சொல்லுது.
துர்ஜய: வெல்லக் கடினமான. நம்மட ‘வெல்லற்கரிய’வுக்குக் கிட்ட.
அஜேய: வெல்ல இயலாத.

சமணரின்ர இரண்டாம் தீர்த்தங்கரர் பெயர் அஜிதநாதர். அயோத்தி என்ற ஊர்ப்பெயருக்கும் ‘போரிட்டு எதிர்க்க முடியாதது’ என்றுதான் பொருள். அபராஜிதா என்பது வடமொழியில சங்குப்பூவின்ர பெயரும்கூட, எங்கட கருவிளை.

---

மதில்மேல் பூனை

பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்குப் பல்லவ அபராஜிதவர்மன் சாட்சி. திருப்புறம்பியத்தில் பாண்டியன் வரகுணனைத் தோற்கடித்த பக்கத்தில் நின்றவன், பிறகு கூட்டாளியாக இருந்த ஆதித்த சோழனிடமே தோற்றான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. தொண்டைமண்டலம் சோழர் கைக்குப் போனது. கடலிலும் ஒரு உதாரணம்: பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘இன்வின்சிபிள்’ 1916 மே 31-இல் ஜட்லாந்துச் சண்டையில் வெடித்து மூழ்கியது. பிழைத்தவர் ஆறே பேர்.

வரலாற்றுக் கட்டுரையில் இந்தப் பெயர்களை மொழிபெயர்க்காதீர்கள். ‘வெல்ல முடியாதவன் தோற்றான்’ என்று சிலேடைக்கு இழுக்கும். அபராஜிதன் அபராஜிதனாகவே இருக்கட்டும்.

---

அச்சுக்கோர்வை

நிகரற்ற, இணையற்ற, ஒப்பாரும் மிக்காருமில்லாத, இவற்றையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். சரிவருமா?

---

ஒற்றெழுத்து

வராது. அவை ஒப்பீட்டுச் சொற்கள், போர்ச் சொற்கள் அல்ல. நிகரற்ற பாடகர் இருக்கலாம், அவரை யாரும் தோற்கடிக்க வரவில்லை. முதலாம் ராஜராஜனுக்கு ‘நிகரிலி சோழன்’ என்ற பட்டம் உண்டு. அதன் பொருள் சமமானவர் இல்லை என்பது. ‘சாகாவரம் பெற்ற’ என்பதும் தள்ள வேண்டியதே. சாகாதவர் தோற்கலாம், தோற்காதவர் சாகலாம்.

சுருக்கமாக ஒவ்வொரு பெயருக்கும் பொருந்தும் வினை: சாதனைக்கும் சதிக்கும் ‘முறியடிக்க’. ஆதாரத்துக்கும் நம்பிக்கைக்கும் ‘அசைக்க’. வாதத்துக்கு ‘மறுக்க’. காளைக்கு ‘அடங்காத’, ‘பிடிபடாத’. கிருமிக்கு ‘மருந்துக்கு அடங்காத’. இவற்றை இடம் மாற்றினால் உடனே இடறும். ‘முறியடிக்க முடியாத காளை’ என்று எழுதிப் பாருங்கள்.

---

பொத்தான்

விளையாட்டுச் சொல்லுக்கு என் பதில். அங்கே இன்வின்சிபிள் என்றால் வெற்றி தோல்வியே இல்லை. அந்த 10 நொடிக்கு அடி விழுந்தாலும் உயிர்ப்பட்டை குறையாது, அவ்வளவுதான். அதே 10 நொடிக்குள் பள்ளத்தில் விழுந்தால் ஆட்டம் போகிறதா என்று நிரலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல விளையாட்டுகளில் போகும். அப்படியானால் ‘வெல்ல முடியாத’, ‘அழியாத’ இரண்டுமே பொய்.

‘அடிபடா நிலை’ என்று போடுங்கள். யூனிகோடு குறியெண் கணக்கில் இடைவெளியோடு சேர்த்து 11. உங்கள் எல்லை 12. ‘தோற்கடிக்க முடியாத நிலை’ 23. மறக்க வேண்டாம், கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் ‘டி’ நிரலுக்கு இரண்டு குறியெண். ‘எட்டு எழுத்துதானே’ என்று அனுப்பிய சொல் திரையில் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான், அதுவும் சில சமயம் துணைக்குறியை நடுவில் பிளந்து.

ஆட்டக்காரர் பெயரைச் செருகும் வாக்கியம் இருந்தால் ‘ஐ’ உருபைத் தொடாதீர்கள். குமார் என்றால் குமாரை, ரவி என்றால் ரவியை, நிலா என்றால் நிலாவை. நிரல் இதைச் செய்யாது. “குமார்: இவரை வெல்ல ஆளில்லை” என்று பெயரைத் தனியே நிறுத்தி, ‘இவரை’ என்பதில் உருபைப் போட்டுவிடுங்கள்.

---

பண்டிதர் வேண்டாம்

பாருங்கள், கடைசியில் ‘ஆளில்லை’க்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள்!

---

ஒற்றெழுத்து

அது தெருவழக்கு மட்டும் இல்லை. “சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து.” வெல்ல முடியாத சொல்லைச் சொல்லுக என்று வள்ளுவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அங்கேயும் இதே குழப்பம்தான். ‘அச்சொல்லை’ என்று ஐ போட்டு, ‘வெல்லும் சொல்’ என்று எதிராளியைத் தனியே நிறுத்தி, ‘இன்மை’ என்று அந்த எதிராளியை இல்லாமலாக்கிவிடுகிறார். ‘அவன அடிச்சுக்க ஆளே இல்ல’ என்பதும் அதே மூன்று உறுப்புதான்: அவன + அடிச்சுக்க ஆள் + இல்ல. தோற்கடிக்கும் செயலை மறுக்காமல் தோற்கடிப்பவரை மறுப்பது. வாக்கியத்துக்கு இடம் இருக்கும்போதெல்லாம் இதையே எடுங்கள்.

---

அச்சுக்கோர்வை

நன்றி, எல்லாருக்கும். இப்போதைக்கு இப்படி:

அ) தோல்வி காணாத 34 ஆட்டங்கள்: 1948-இல் பிராட்மன் அணியை வெல்ல இங்கிலாந்தில் ஆளில்லை
ஆ) எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய கொளற்கரியக் கோட்டை
இ) அடிபடா நிலை

---

ஒற்றெழுத்து

ஆ-வில் ‘கொளற்கரியக்’ என்பதன் கடைசி க் வேண்டாம். ‘அரிய’ பெயரெச்சம், அதன் பின் வல்லினம் மிகாது: அரிய கோட்டை, பெரிய கோட்டை. ‘தோலாப் படை’, ‘அழியாப் புகழ்’ என்று ஈறு கெட்ட எதிர்மறையாக இருந்தால்தான் மிகும். இ-யில் ‘அடிபடா’வும் ஈறு கெட்டதுதான், ஆனால் அடுத்து வருவது நி, மெல்லினம், அதனால் ஒற்று இல்லை. அதை அப்படியே விடுங்கள்.

---

இருபத்திரண்டு கஜம்

அ-வில் ‘இங்கிலாந்தில்’ வேண்டாம். 34 ஆட்டத்தில் இரண்டு ஸ்காட்லாந்தில் நடந்தவை. ‘அணியை வெல்ல ஆளில்லை’ என்று நிறுத்தினால் எழுத்தும் மிச்சம்.

---

அச்சுக்கோர்வை

இரண்டையும் எடுத்துவிட்டேன். பலகை எழுதுபவருக்கு இன்று மாலை போகிறது.